மேல் பரிசோதனை தேவை

முதல் சீட்டு என் சட்டையோடு துவைந்துபோனது.
பையின் மூலையிலிருந்து வெள்ளை உருண்டையாகத் தோண்டியெடுத்து
"இன்னா இது, லாட்டரியா?" என்றாள் அமுலு.
பள்ளிக்கூடத்தில் கொடுத்தது, பார்க்கலாம் என்றேன்.

அடுத்த மாதம் டீச்சரே போன் செய்தார்.
எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் வரிசை.
ஸ்டியரிங் மேல் காலைப் போட்டுப் படுத்திருந்தேன்.
யுவஸ்ரீ, ஆறாம் வகுப்பு,
வலது கண் ஆறு பை பதினெட்டு,
இடது கண் ஆறு பை அறுபது.

அறுபதுக்கு ஆறா டீச்சர், எந்தப் பாடத்துல?

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
"போன மாசமே சீட்டு குடுத்தோம், சார்."

வரிசையில் இரண்டு ராத்திரி கிடந்தால் ஒரு நடை.
ஒரு நடையை விட்டுவிட்டுத்தான்
தண்டையார்பேட்டை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தோம்,
நாற்பத்தொன்றாம் டோக்கன்.

சொட்டு மருந்து ஊற்றி, மூடிக்கோ என்றார்கள்.
இருபது நிமிஷம். மறுபடி சொட்டு. மறுபடி இருபது.
மூடிய கண்ணோடு என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு
கேட்டுக்கொண்டே இருந்தாள்:
யாருப்பா பன்னு தின்றது?
அந்தக் குழந்தைக்கு என்ன, ஏன் அழுவுது?
எதிர் சுவத்துல என்ன எழுதியிருக்கு?

"அமைதி காக்கவும்" என்றேன்.
எல்லா ஆஸ்பத்திரியிலும் அதுதானே இருக்கும்.

"கழிப்பறை வலப்பக்கம்னு போட்டிருக்கு"
என்றார் பக்கத்தில் இருந்த அம்மா,
எனக்கு அவசரம் என்று நினைத்து.

உள்ளே, வெளிச்சப் பெட்டியில் வரி வரியாக ஈ எழுத்து.
வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ
அந்தப் பக்கம் விரலைக் காட்ட வேண்டும்.
அவள் மூன்றாவது வரியில் நின்றுபோனாள்.
அவளுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்த எனக்கு
அவை நிஜ ஈக்கள்,
சென்னாகுன்னிக் கூடை மேல் மொய்ப்பவை,
வாயும் இல்லை வரியும் இல்லை.
"சொல்லிக் குடுக்காதீங்க சார்" என்றது அந்த டெஸ்ட் பண்ணும் பெண்.
சொல்லிக் கொடுக்க என்னிடம் என்ன இருந்தது?

லைசன்ஸ் புதுப்பித்தபோது முந்நூறு ரூபாய்க்குக் கையெழுத்து.
அந்த டாக்டர் அறையிலும் இப்படி ஒரு அட்டை உண்டு.
அதன் மேல் காலண்டர் மாட்டியிருந்தார்கள்.

கண்ணாடி போட வேண்டும்.
இடது கண் வேலை செய்யப் பழகவில்லை,
தினம் இரண்டு மணி நேரம் வலது கண்ணை ஒட்டி மூட வேண்டும்,
மூன்று மாதத்தில் திரும்ப வரவேண்டும்.
"அஞ்சு வயசுலயே வந்திருந்தா..."
டாக்டர் அத்தோடு நிறுத்திக்கொண்டார்.
பாதியில் பிரேக் போட்டால் பின்னால் சரக்கு குலுங்கும்,
அது எனக்குத் தெரியும்.

திரும்பும்போது வெயில் அவள் கண்ணில் குத்தியது.
என் துண்டை முக்காடாகப் போட்டு நடந்தாள்.
பஸ் நம்பரை இரண்டு பேரும் யாரையோ கேட்டோம்.

பத்து நாளில் கண்ணாடி வந்தது, ஊதா நிறம், அவளே எடுத்தது.
ஞாயிற்றுக்கிழமை காசிமேடு பக்கம் கூட்டிப்போனேன்.
கல் மேல் ஏறி நின்று கத்தினாள்:
"கிரேனுக்குள்ள ஆள் இருக்காருப்பா! குட்டியா! தெரியுதா?"

"தெரியும்" என்றேன்.

பதினாறு வருஷமாக அந்தக் கிரேன்களின் கீழ்தான் நிற்கிறேன்.
எவனோ உட்கார்ந்துதானே ஓட்ட வேண்டும், தெரியாதா?

"தெரியுதான்னு கேட்டா தெரியும்ங்கிற" என்றாள்.
கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு
முதல்முறையாக என் முகத்தைப் பார்ப்பவள் மாதிரி
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
அப்புறம் ஐஸ் கேட்டாள், வாங்கிக்கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை, ஹார்பர் வரிசையில்,
பீடிக்குப் பையைத் துழாவியபோது ஒரு தாள்.
கணக்கு நோட்டில் கிழித்தது,
ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு:

பெயர்: அப்பா.
வலது கண்: தெரியும்.
இடது கண்: தெரியும்.
மேல் பரிசோதனை தேவை.

கையெழுத்துக்கு ஒரு கோடு, காலியாக.

முன் வண்டியின் சிவப்பு அணைந்ததா, எரிகிறதா,
பின்னாலிருந்து ஹாரன் அடித்துச் சொல்கிறார்கள்.
மூன்று நாளாகிறது.
சட்டையைத் துவைக்கப் போடவில்லை.